ஒலுவிலில் துறைமுகம் கேட்டவர்: அஷ்ரபின் வாழ்வும் கரையோரத்தின் கூலியும்

ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் 16 வரும்போது அம்பாறைக் கரையோர ஊர்களில் கத்தமுல் குர்ஆன் ஓதி, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபுக்காகத் துஆ கேட்கிறார்கள். மாலையில் நினைவுக் கூட்டங்கள் நடக்கும். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர், சட்டத்தரணி, கவிஞர், பல்கலைக்கழகம் தந்தவர் என்று பட்டியல் நீளும். அதில் ஒலுவில் துறைமுகத்துக்கும் ஓர் இடம் உண்டு. அது அவருடைய கனவு என்று சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்தத் துறைமுகம் இன்றும் இருக்கிறது. கடலுக்குள் நீளும் கருங்கல் அலைதடுப்புச் சுவர்கள், வெளிச்சவீடு, கட்டடங்கள் எல்லாம் உண்டு. வணிகக் கப்பல்கள் வந்துபோகும் இடமாக மட்டும் அது ஆகவில்லை. வாயிலை மணல் அடைத்தபோதெல்லாம் மீன்பிடிப் படகுகளும் சிரமப்பட்டன. வடக்குப் பக்கம் நிந்தவூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றது. இதற்கான பணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, கட்டியதும் ஐரோப்பிய நிறுவனம். கடன் இலங்கை மக்களுடையது. போன காணியும் கரையும் ஒலுவில், நிந்தவூர் மக்களுடையவை.

ஏழை நாட்டுக்குள் வெளிநாட்டுப் பணம் வரும்போது இலாபம் யாருக்கு, கூலி எவ்வளவு, நட்டம் யார் தலையில் என்ற கேள்வி உலகமெங்கும் கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வியை அஷ்ரபின் வாழ்க்கை வழியாகப் பார்த்தால், நினைவுக் கூட்டங்களில் பேசப்படாத சில விடயங்கள் தெரியவரும்.

அணைக்கட்டின் காலத்தில் பிறந்தவர்

முஹம்மது ஹுசைன் முஹம்மது அஷ்ரப் 1948 ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்தார். வளர்ந்தது கல்முனையில். படித்தது கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையில்.

அவர் பிறந்த அடுத்த ஆண்டில் கல்லோயாத் திட்டம் ஆரம்பமானது. சுதந்திர இலங்கையின் முதலாவது பெரும் அபிவிருத்தித் திட்டம் அது. இங்கினியாகலையில் அணையைக் கட்டியது மொறிசன் நுட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். இந்தக் கரையோரத்தின் வாழ்வை மாற்றிய முதல் வெளிநாட்டு ஒப்பந்தகாரர் என்று அதைச் சொல்லலாம். அணைக்குப் பின்னால் சேனநாயக்க சமுத்திரம் உருவானது. காடு வெட்டப்பட்டு, குடியேற்றங்கள் அமைந்து, ஹிங்குறாணையில் சீனித் தொழிற்சாலையும் வந்தது.

நெல் விளையும் பரப்பு பெருகியது உண்மை. ஆனால் நன்மையைப் பங்கிட்டதில் சமன் இருக்கவில்லை. வாய்க்காலின் தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள் இருந்தார்கள், கடைசியில் தமிழ் பேசும் விவசாயிகள் இருந்தார்கள். தலைப்பில் ஓடிய தண்ணீர் கடைசி வயலுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. 1956இல் கல்லோயாவில் இனக்கலவரம் வெடித்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டமாக்கப்பட்டது. நிர்வாகத் தலைநகரம் கரையோரத்தைவிட்டு உள்நாட்டுக்குப் போனது.

திட்டம் பெரிதாக இருந்தால் மட்டும் எல்லோருக்கும் பயன் வராது, அதன் எல்லைகளை யார் வரைகிறார் என்பதே முக்கியம் என்ற பாடத்தை இந்தக் கரையோரம் அப்போதே படித்துவிட்டது. அஷ்ரபின் தலைமுறை அந்தப் பாடத்துக்குள்தான் வளர்ந்தது.

அந்தத் தலைமுறைக்கு இருந்த வேலைகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வயல் வேலை போகத்தோடு வரும், போகத்தோடு போகும். கரைவலைத் தொழிலில் பாட்டைப் பொறுத்தே பங்கு. மருதமுனையில் கைத்தறி இருந்தது. சிறு வியாபாரம் இருந்தது. படித்தவருக்கு ஆசிரியர் நியமனமோ எழுதுவினைஞர் வேலையோ கிடைத்தால் அதிர்ஷ்டம். 1980களுக்குப் பின்னர் வளைகுடா நாடுகளின் வீட்டு வேலையும் இதில் சேர்ந்துகொண்டது. குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு விமானம் ஏறிய பெண்கள் இந்தக் கரையோரத்தின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஊரில் கூலி இவ்வளவுதான் என்று ஆகும்போது, வெளியூரில் கேட்கும் கூலியையும் பேரம் பேசாமல் ஏற்றுக்கொள்ள வேண்டியதாகிறது.

கல்முனையிலிருந்து பாராளுமன்றத்துக்கு

சட்டக் கல்லூரியில் படித்துச் சட்டத்தரணியான அஷ்ரப், 1970களின் நடுப்பகுதியில் அரசியலுக்கு வந்தார். 1977 பொதுத்தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி சார்பில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு சேர்ந்து மேடை ஏறினார். தமிழ் பேசும் மக்கள் என்ற ஒரே குடையின் கீழ் முஸ்லிம்களுக்கும் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் காலம் அது. அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. 1981 செப்டெம்பரில் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. 1986இல் அது தேசிய அளவிலான அரசியல் கட்சியாக மாற்றப்பட்டது.

1988இல் நடந்த ஒரு விடயம் அவருடைய அரசியல் முறையைப் புரிந்துகொள்ள உதவும். விகிதாசாரத் தேர்தல் முறையில் ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெற 12.5 வீத வாக்குகள் வேண்டும் என்றிருந்தது. சிறிய கட்சிகளுக்கு அது எட்டாத உயரம். ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில் ரணசிங்க பிரேமதாசவுடன் பேசி, அந்த வெட்டுப்புள்ளியை 5 வீதமாகக் குறைப்பதற்கு அஷ்ரப் வழிசெய்தார். 15ஆவது அரசியலமைப்புத் திருத்தமாக அது சட்டமானது. மற்றவருக்குத் தன் ஆதரவு தேவைப்படும் நேரத்தைத் தெரிந்து, அந்த நேரத்தில் கேட்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது அவருடைய முறை.

1989இல் அவர் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அடுத்த ஆண்டு காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை நடந்தது. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கில் வயலுக்கும் கடலுக்கும் போவதே உயிராபத்தான காலம். உழைப்பு இருந்தும் உழைக்கப் போக முடியாத மக்கள் மலிந்த கூலிக்கு இன்னும் இலகுவாக அகப்படுவார்கள். யுத்தம் செய்த இந்த வேலையைப் பற்றி நம் பொருளாதாரக் கட்டுரைகள் குறைவாகவே பேசுகின்றன.

துறைமுக அமைச்சர்

1994 ஓகஸ்ட் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸுக்கு 7 ஆசனங்கள் கிடைத்தன. மயிரிழைப் பெரும்பான்மையோடு ஆட்சியமைத்த சந்திரிகா பண்டாரநாயக்கவுக்கு அந்த 7 ஆசனங்கள் இன்றியமையாதவை. அஷ்ரப் துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சரானார்.

அவர் பொறுப்பேற்ற துறைக்கு நீண்ட தொழிலாளர் வரலாறு உண்டு. கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை ஒரு காலத்தில் தனியார் கம்பனிகளின் கையில் இருந்தது. கப்பல் வந்த நாளில் கூலி, வராத நாளில் பட்டினி. 1958இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அரசாங்கம் அந்த வேலையைத் தேசியமயமாக்கியது. 1979இல் துறைமுக அதிகார சபை உருவானது. நிரந்தர வேலை, சம்பளம், தொழிற்சங்கம், ஓய்வுகாலச் சேமிப்பு என்பவை துறைமுகத் தொழிலாளர் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்றவை.

அஷ்ரப் அமைச்சராக இருந்த காலத்தில்தான் தனியார் மூலதனம் அந்தத் துறைமுகத்துக்குள் திரும்பி வந்தது. 1999இல் எலிசபெத் மகாராணி இறங்குதுறையைக் கொள்கலன் முனையமாக விருத்திசெய்து இயக்கும் உரிமை சவுத் ஏசியா கேட்வே டெர்மினல்ஸ் நிறுவனத்துக்கு 30 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உள்நாட்டின் ஜோன் கீல்ஸும் வெளிநாட்டின் பி அன்ட் ஓவும் அதில் முக்கிய பங்காளிகள். துறைமுக அதிகார சபைக்கு 15 வீதப் பங்கு. கட்டி, இயக்கி, காலம் முடிந்ததும் அரசிடம் ஒப்படைப்பது ஏற்பாடு. தொழிற்சங்கங்கள் இதை எதிர்த்தன.

இந்த உடன்படிக்கையை நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. கொள்கலன் வர்த்தகத்தில் கொழும்பு பின்தங்காமலிருக்கப் பெரும் முதலீடு தேவைப்பட்டது, யுத்தச் செலவில் மூழ்கிய அரசிடம் பணம் இருக்கவில்லை. அதேநேரம் தொழிற்சங்கங்களின் அச்சத்திலும் நியாயம் இருந்தது. எத்தனை பேருக்கு வேலை, எந்த நிபந்தனையில் வேலை என்பதைப் பங்குதாரர்கள் தீர்மானிக்கத் தொடங்கினால் பழைய நாட்கூலி முறை வேறு பெயரில் திரும்பலாம் என்பதே அந்த அச்சம். ஆனாலும் இந்த உடன்படிக்கையில் காலம் எழுதப்பட்டிருந்தது, அரசின் பங்கு எழுதப்பட்டிருந்தது, எதிர்த்துப் பேசச் சங்கங்களும் இருந்தன. ஒலுவிலுக்கு வரும்போது இந்த மூன்றாவது விடயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே காலத்தில் கிழக்கின் இளைஞர்கள் பலர் துறைமுக அதிகார சபையில் வேலை பெற்றார்கள். இன்றும் ஊரில் அஷ்ரபின் பெயரைச் சொல்லும்போது கண் கலங்குபவர்களில் அந்தக் குடும்பங்களும் உண்டு. அந்த நன்றி நியாயமானது. அரச வேலை என்ற வாசலே திறக்காதிருந்த வீடுகளுக்கு அவர் அதைத் திறந்துவிட்டார்.

ஆனால் அந்த முறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். அரசியல்வாதியின் கையால் வேலை கிடைக்கும் வழக்கம் அவருக்கு முன்பும் இருந்தது, பின்பும் தொடர்கிறது. அந்த வழக்கத்தில் வேலை உரிமை என்ற நிலையை இழந்து உபகாரம் ஆகிவிடுகிறது. பட்டியலில் பெயரில்லாதவர் வெளியே நிற்கிறார். பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் இது மனக்குறையானது. தந்தவர் மறைந்த பின்னர் வாசலும் மூடிக்கொள்கிறது. தொழிலாளியின் நன்றி ஒரு தலைவருக்குப் போகிறதே தவிர, அவருக்குச் சங்கமாகச் சேரும் பலம் வருவதில்லை.

ஒலுவிலைத் தெரிந்தெடுத்தது

திருகோணமலைக்கும் காலிக்கும் இடையிலுள்ள நீண்ட கிழக்கு, தென்கிழக்குக் கரையில் அப்போது வணிகத் துறைமுகம் எதுவும் இருக்கவில்லை. நாட்டின் பெரிய நெற்களஞ்சியங்களுள் ஒன்றான அம்பாறையிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் போக வேண்டும். யுத்தகாலத்தில் அந்தப் பாதையும் நம்ப முடியாதது. ஒலுவிலில் ஒரு துறைமுகம் வேண்டும் என்ற அஷ்ரபின் எண்ணத்துக்கு இந்தக் கணக்கு போதுமான காரணம்.

துறைமுகத்தோடு வேறொன்றையும் அவர் அதே ஊரில் வைத்தார். 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டு, 1996 மே மாதத்தில் முழுமையான பல்கலைக்கழகமானது. யுத்தத்தால் படிப்பை இழந்த மாணவர்களுக்கு அது அவசர உதவியாக இருந்தது. 1999இல் ஒலுவில் வெளிச்சவீடு எழுந்தது. பக்கத்தில் பல்கலைக்கழகம், முன்னால் துறைமுகம், பின்னால் வயல் என்ற அமைப்பைச் சேர்த்துப் பார்த்தால், படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஊரிலேயே வேலை என்ற ஏற்பாடு தெரிகிறது.

மலிந்த கூலியைப் பற்றிய விவாதத்தில் இது முக்கியமான இடம். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டபோது, வரிச்சலுகையோடு சேர்த்து நாடு விற்றது மலிந்த பெண் உழைப்பை. வேலையே இல்லாதிருப்பதைவிடக் குறைந்த கூலி மேல் என்று அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. அந்த வாதம் முழுப் பொய்யல்ல. ஆடைத் தொழிற்சாலைச் சம்பளம் பல குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. ஆனால் அது ஒரு கேள்வியைத் தவிர்த்துவிடுகிறது. அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்ல முடிகிற நிலையில் இருந்தாளா? சொந்த ஊரில் இன்னொரு வேலை இருந்தால்தான் கொடுக்கப்படும் கூலியை மறுக்க முடியும். மறுக்க முடிந்தால்தான் கூலி கூடும். ஒலுவில் திட்டம் அந்த மறுக்கும் பலத்தை ஊருக்குக் கொண்டுவந்திருக்கக் கூடியது.

2000 செப்டெம்பர் 16ஆம் திகதி காலை, தேர்தல் பிரசார நாட்களில், கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் பறந்த விமானப்படை ஹெலிகொப்டர் அரநாயக்கவில் உரகந்த மலைப்பகுதியில் வீழ்ந்தது. அதிலிருந்த எவரும் தப்பவில்லை. அஷ்ரபுக்கு அப்போது வயது 51. நான் எனும் நீ என்ற அவருடைய கவிதைத் தொகுதி வெளிவந்து ஓராண்டே ஆகியிருந்தது.

வட்டியில்லாக் கடன்

அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 2008இல் ஒலுவிலில் கட்டுமானம் தொடங்கியது. டென்மார்க் அரசின் ஏற்பாட்டில் 46.1 மில்லியன் யூரோ கடன். கட்டியது எம்.டி. ஹொய்கார்ட் என்ற டென்மார்க் நிறுவனம். 2013 செப்டெம்பரில் அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ துறைமுகத்தைத் திறந்துவைத்தார்.

அந்தக் கடனுக்கு வட்டி இல்லை. வட்டி ஹராம் என்று நம்பும் ஊர்களில் இந்தச் சொல் காதுக்கு இதமானது. ஆனால் இத்தகைய கடன்களில் வட்டியைக் கொடுக்கும் நாடு ஏற்றுக்கொள்கிறது, ஒப்பந்தம் அந்த நாட்டு நிறுவனத்துக்குப் போகிறது. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி கொடுத்தவரின் நாட்டுக்கே வேலையாகவும் வருமானமாகவும் திரும்பிவிடும். கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு மட்டும் வாங்கிய நாட்டில் தங்கும். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. கேள்வி வேறு. திட்டம் பிழைத்துப்போனால் அந்த நிறுவனத்துக்கு என்ன நட்டம்?

பிழைத்தது எப்படி என்பது கரைவலைக்காரருக்குப் புரியாத விஞ்ஞானம் அல்ல. கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுவதும் அலையோடு நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தப் பகுதியில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. குறுக்கே கருங்கல் சுவரை நீட்டினால் தெற்குப் பக்கத்தில் மணல் குவியும். வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது. வராத மணலுக்குப் பதிலாகக் கடல் கரையை எடுத்துக்கொள்ளும். ஒலுவிலின் வடபகுதியிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகள் சரிந்தன, தோணி ஏற்றி வைக்கும் இடமும் வலை இழுக்கும் இடமும் போயின. துறைமுகத்துக்குக் காணி கொடுத்தவர்கள் இழப்பீட்டுக்காகப் பல ஆண்டுகள் அலைந்தார்கள். வாயிலில் சேர்ந்த மணலை அள்ளுவதா, அப்படியே விடுவதா என்பதில் மீன்பிடிப்பவர்களும் கரையை இழந்தவர்களும் ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்க வேண்டி வந்தது.

வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்த ஊரில் இருந்த தொழிலும் குறைந்தது. கரையை இழந்த மீனவர் வேறு ஊரில் கூலிக்குப் போகிறார். பணிப்பெண்ணாகப் போகும் வரிசை குறையவில்லை. மறுக்கும் பலத்தைத் தரவேண்டிய திட்டம் அதை மேலும் குறைத்தது.

அம்பாந்தோட்டையோடு இதை ஒப்பிடலாம். அங்கே சீனக் கடனில் கட்டிய துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது, அதை நாடு முழுவதும் பேசியது. ஒலுவிலின் கடன் சிறியது, கடன் கொடுத்த நாடு நற்பெயர் உள்ளது, நட்டப்பட்டவர்கள் தலைநகரிலிருந்து தூரத்திலிருக்கும் மீனவர்கள். அதனால் சத்தம் வெளியே கேட்கவில்லை. நல்ல பெயருள்ள நாட்டின் பணத்துக்கும் கெட்ட பெயருள்ள நாட்டின் பணத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதற்கு இந்தக் கரையோரம் சாட்சி.

எஞ்சிய பாடம்

அஷ்ரப் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று ஊரில் சொல்வதுண்டு. அதை நிரூபிக்க முடியாது. அவர் இருந்தபோது வரையப்பட்ட துறைமுகத்தையும் இதே கடல்தான் சந்தித்திருக்கும். ஒரு மனிதரின் ஆயுளில் தங்கியிருக்கும் அபிவிருத்தி எவ்வளவு பலவீனமானது என்பதையே அவருடைய மரணத்துக்குப் பிந்திய ஒலுவில் காட்டுகிறது.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது 1988இல் அவர் செய்த காரியத்தை. கையொப்பத்துக்கு முன்னால் பேசினார், கேட்டதை எழுத்தில் வாங்கினார். 2008இல் ஒலுவில் மீனவர் சங்கத்துக்கோ நிந்தவூர்த் தோட்டக்காரருக்கோ விவசாயக் கூலிகளுக்கோ அப்படி ஓர் இருக்கை பேச்சுவார்த்தை மேசையில் இருக்கவில்லை. கொழும்புத் துறைமுகத் தொழிலாளிக்கு இருந்த சங்கம் இவர்களுக்கு இருக்கவில்லை. கரை போன பின்னர் அவர்கள் எழுதியவை மனுக்கள்.

வியர்வை உலர முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று போதிக்கும் மார்க்கத்தில் வளர்ந்த ஊர்கள் இவை. அந்தப் போதனையைப் பக்கத்து வீட்டு முதலாளியிடம் எதிர்பார்ப்பது போலவே கடல் கடந்து வரும் நிறுவனத்திடமும் எதிர்பார்க்கலாம். ஒலுவிலைத் திரும்ப இயக்கப் போவதாக அரசாங்கங்கள் மாறிமாறிச் சொல்கின்றன. நாளை இன்னொரு முதலீட்டாளர் வரக்கூடும். ஊர் அவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில், எவ்வளவு காலத்துக்கு வேலை? சங்கம் அமைக்கத் தடை உண்டா? கரை போனால் ஈடு யார் தருவது, அதற்கான பணம் இப்போதே ஒதுக்கப்பட்டிருக்கிறதா? இவற்றுக்கான பதில்கள் ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில், தமிழில் எழுதப்பட்டிருக்கின்றன?

அடுத்த செப்டெம்பர் 16இல் துஆ முடிந்த பின்னர் மேடையில் பேசுபவர்கள் இந்தக் கேள்விகளையும் வாசித்தால், கூட்டத்தில் இருக்கும் மீனவருக்கும் பணிப்பெண்ணின் தாய்க்கும் அவருடைய நினைவு நாளில் ஒரு பங்கு கிடைக்கும்.